திருப்பி மாட்டிய தகடு

என் அண்ணனின் கைகளில் எந்தக் குறையும் இல்லை. குறை இருப்பதாக அவனை நம்பவைத்தவள் நான்.

தெரிந்தே செய்தாயா என்று கேட்பீர்கள். முதல் நாள் தெரியாமல்தான் செய்தேன். உண்மை தெரிந்த பிறகு ஒவ்வொரு நாளும் தெரிந்தே செய்துவருகிறேன்... இதை எழுதுகிற இன்றுவரை!

நீங்கள் யாரோ எவரோ. அதனால்தான் உங்களிடம் வாய் திறக்க முடிகிறது. அண்ணனைத் தெரிந்த ஒருவரிடமும் இனி இதை என்னால் சொல்ல முடியாது. சொல்லிப் பார்த்தேன், பலிக்கவில்லை. அந்தக் கதையும் வரும்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் சாலையில் ஒரு பழைய நூல் கிடங்கு இருக்கிறது. அதற்குள் நாங்கள் குழிக்கண்ணாடிகள் செய்கிறோம். முகம் பார்க்கிற கண்ணாடி என்று நினைத்துவிடாதீர்கள். தொலைநோக்கிகளுக்கும், கல்லூரி ஆய்வுக்கூடங்களின் கருவிகளுக்கும் வேண்டிய, மிகத் துல்லியமாக வளைந்த கண்ணாடிகள். எங்கள் முதலாளி நூல் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. கல்லூரி நாளில் பிடித்த தொலைநோக்கிப் பைத்தியம் தெளியாமல் போனதால் கிடங்கு பட்டறையாகிவிட்டது. இந்தக் காட்டில் இப்படி ஒரு தொழிலா என்று யாராவது கேட்டால் அவர் சொல்கிற பதில், “ஏன், அருப்புக்கோட்டையில வெளிச்சம் நேராப் போகாதா?”

என் அண்ணன் சீனிச்சாமி அந்தப் பட்டறையின் முதல் ஆள். நாங்கள் பரளச்சிப் பக்கம். மழை பெய்தால் பருத்தியும் மல்லியும், பெய்யாவிட்டால் பக்கத்து டவுனில் வேலை. அப்படி வேலை தேடி வந்தவன், கண்ணாடி தேய்க்க உட்கார்ந்து, அதில் கெட்டிக்காரனாகிவிட்டான். நான் இயற்பியல் படித்து முடித்தபோது முதலாளியிடம் போய் நின்றதும் அவன்தான். “என் தங்கச்சி இந்த வெளிச்ச சமாச்சாரம் எல்லாம் படிச்சிருக்கு. ஒரு தடவ பேசிப் பாருங்க மொதலாளி” என்றானாம். எனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். இதை நான் மறக்க முயன்றதுண்டு. முடியவில்லை.

அவன் தேய்ப்பான், நான் சோதிப்பேன். வீட்டில் ‘பாப்பா’ என்று கூப்பிடுகிறவன், பட்டறையில் என்னை ‘மெசின்காரி’ என்று கேலி செய்வான்.

இனி சோதனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், பாடம் நடத்தமாட்டேன்.

பந்தின் ஒரு பகுதியைப்போல ஒரே சீராக வளைந்த குழிக்கண்ணாடியைச் சோதிப்பது எளிது. ஆனால் அந்த ஆண்டு வடக்கே ஒரு கல்லூரி ஆய்வுக்கூடம் கேட்ட வளைவு அப்படிப்பட்டதல்ல. நடுவில் ஒரு மாதிரியும் ஓரத்தை நெருங்க நெருங்க வேறு மாதிரியும் போகிற வளைவு. அதைச் சாதாரண ஒளியை வைத்து அளக்க முடியாது. அந்த வளைவுக்கென்றே வளைத்த ஒளி வேண்டும்.

அதற்குத்தான் ஹோலோகிராம். அட்டைகளில் பளபளக்கிற படம் அல்ல; இது கணினியில் கணக்குப் போட்டு வரைவது. ஒரு கண்ணாடித் தகட்டின் ஒரு முகத்தில், முடியைவிட மெல்லிய வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக எண்ணி மாளாத வளையங்கள். சோதனைக் கருவியின் லேசர் ஒளி அந்தத் தகட்டைத் தாண்டும்போது, நாம் கேட்ட வளைவுக்குப் பொருந்தும்படி மாறிவிடும். பிறகு குழிக்கண்ணாடியில் பட்டுத் திரும்பும். கண்ணாடி சரியாக இருந்தால் கருவியின் திரையில் பட்டைகள் நேராக நிற்கும். பிழை இருந்தால் வளையும். அவ்வளவுதான்.

தையற்காரரிடம் அளவு ரவிக்கை கொடுப்போமே, அப்படி. தகடுதான் அளவு ரவிக்கை. அது தப்பாக இருந்தால் தையற்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், தைத்தது யாருக்கும் பொருந்தாது.

அந்தத் தகட்டை நான்தான் வரைந்தேன். வெளியூரில் ஒரு கூடத்துக்கு அனுப்பிக் கண்ணாடியில் பொறித்து வாங்கினோம். முதலாளிக்கு முதலில் நம்பிக்கையில்லை. இந்த வேலைக்குச் சென்னையிலிருந்து ஒரு பெரிய படிப்புக்காரரைக் கூப்பிடலாம் என்றார். நான் விடவில்லை. என்னால் முடியும் என்று மல்லுக்கு நின்றேன். அண்ணனும் எனக்காகப் பேசினான். அந்தத் தகடு வந்து இறங்கிய நாளில் எனக்கிருந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வேலை நன்றாகத்தான் போனது. பிசின் பூசிய தட்டின் மேல் மெருகுத் தூள் கரைத்த வெள்ளைக் குழம்பை ஊற்றி அண்ணன் தேய்ப்பான். கழுவித் துடைத்து என் அறைக்குக் கொண்டுவருவான். நான் பட்டைகளைப் பார்த்து, “இன்னும் ஓரத்துல கொஞ்சம்” என்பேன். போய்த் தேய்ப்பான். ஆனி முடியும்போது பட்டைகள் ஏறக்குறைய நேராகிவிட்டன.

ஆடி பிறந்தது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்றை நீங்கள் பார்த்ததுண்டா? உழுதுபோட்ட கரிசலை அப்படியே தூக்கிக்கொண்டு வரும். சன்னலை அடைத்தாலும், இடுக்கில் துணி திணித்தாலும், மேசைமேல் கருப்பாகப் படிந்துவிடும். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தால் சோற்றில் மண் கடிக்கும். போதாக்குறைக்கு அது நூல் கிடங்காக இருந்த கட்டடம். உத்தரத்தில் எந்தக் காலத்துப் பஞ்சோ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காற்றடித்தால் அதுவும் உதிரும்.

வளையங்கள் பொறித்த முகத்தைத் துணியால் துடைக்கக் கூடாது. கீறல் விழுந்தால் தகடு போய்விடும். அந்த முகமோ குழிக்கண்ணாடியைப் பார்த்தபடி, திறந்த வெளிப் பக்கமாக இருந்தது. மறுபக்கம் கருவியின் குழாய். மூடியிருப்பதால் தூசி போகாது.

ஒரு நாள் காலையில் அண்ணன் வருவதற்கு முன் நான் போய்விட்டேன். தகட்டின் மேல் கரிசல் தூசி. ரப்பர் ஊதியால் ஊதினேன். ஊத ஊத வந்து படிந்தது. எரிச்சலாகிவிட்டது. சட்டென்று ஒரு யோசனை... தகட்டைச் சட்டத்திலிருந்து எடுத்து, திருப்பி மாட்டினேன். வளையங்கள் குழாய்ப் பக்கம் போய்ப் பத்திரமாகிவிட்டன. வெளியே தெரிவது வெறும் கண்ணாடி முகம். எவ்வளவு தூசி விழுந்தாலும் துடைத்துக்கொள்ளலாம். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

எந்த முகம் எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்பதெல்லாம் என் கணக்கில் இருந்தது. வளையங்களில் வளைந்த ஒளி, பிறகு எதையும் தாண்டாமல் நேராகக் குழிக்கண்ணாடிக்குப் போகவேண்டும். தகட்டைத் திருப்பினால், வளைந்த ஒளி தகட்டின் கனத்துக்குள் புகுந்து வெளியே வரும். அதில் அதன் வடிவம் கொஞ்சம் மாறிவிடும். எங்கள் தொழிலில் அந்தக் கொஞ்சமே மிக அதிகம். இதைப் படித்தவள் நான். கணினியில் வரைந்தவளும் நான்! அன்று காலையில் அது ஏன் என் புத்திக்கு எட்டவில்லை? தூசிதான் கண்ணை மறைத்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

அண்ணன் வந்தான். முந்தின நாள் சாயங்காலம் ஓரத்தில் லேசாகத் தேய்த்து வைத்திருந்த கண்ணாடியைக் கொண்டுவந்து நிறுத்தினான். திரையைப் பார்த்தோம். பட்டைகள் வளைந்திருந்தன.

“என்ன ஆத்தா, நேத்து நேரா இருந்துச்சு. இன்னிக்கு இப்பிடிக் கோணிக்கிட்டு நிக்கிது?”

“தெரியலண்ணே.”

“நீ எதுவும் மாத்துனியா?”

“இல்லையே.”

அந்த ‘இல்லையே’வை நான் பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. தகட்டைத் திருப்பியது எனக்கு ஒரு மாற்றமாகவே படவில்லை. மேசையைத் துடைத்ததுபோல, சன்னலைச் சாத்தியதுபோல, தூசிக்குச் செய்த ஓர் ஏற்பாடு. ஆனால் அடுத்து ஒன்று சொன்னேனே, அதை எதில் சேர்ப்பது?

“நேத்து கடைசியில நீ கொஞ்சம் அழுத்திட்ட போலண்ணே.”

யாரும் என்னைக் கேட்கவில்லை. காரணம் ஒன்று வேண்டியிருந்தது. கைக்கு எட்டியதை எடுத்துச் சொல்லிவிட்டேன். அண்ணன் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான். அந்தக் கைகளை அவன் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“அப்பிடியா அழுத்தினேன்? எனக்குத் தெரியலையே...” என்றான். பிறகு, “மெசின் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

என் திரை சொன்னபடியெல்லாம் தேய்த்தான். ஆடி போய், ஆவணியும் பாதி போனது. சரியாக இருந்த கண்ணாடியை, என் பேச்சைக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்தான் என் அண்ணன்! அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு நேர்த்தியாக! கடைசியில் பட்டைகள் கோடு போட்டதுபோல் நேராக நின்றன. முதலாளி பட்டறைக்கே சேவு வாங்கிக் கொடுத்தார். கண்ணாடியைப் பெட்டியில் கட்டி அனுப்பினோம்.

ஆய்வுக்கூடத்தார் அதை வேறு ஒரு முறையில் சோதித்தார்கள். நடுப்பகுதி அளவுக்கு மீறிக் குழிந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பெட்டி வந்து இறங்கிய அன்று முதலாளி, “மறுபடியும் நம்ம மெசின்ல வச்சுப் பாப்போம்மா. தயார் பண்ணி வையி” என்றார். நான் முன்னால் போய் அறையைத் திறந்தேன். எல்லாவற்றையும் ஒரு முறை சரிபார்க்கலாம் என்று தகட்டைச் சட்டத்திலிருந்து எடுத்தேன்.

வெளிச்சத்தில் பிடித்ததும் தெரிந்துவிட்டது.

நான் திருப்பி மாட்டியதை மறந்தே போயிருந்தேன். ஆடிக் காற்று நின்றும் வெகுநாள் ஆகியிருந்தது. கையில் தகட்டோடு நின்றேன். வெளியே முதலாளியும் அண்ணனும் பேசிக்கொண்டு வருகிற சத்தம். ‘தப்பு என்னுடையது’ என்று வாசலில் போய் நின்று சொல்லியிருக்கலாம். தகட்டை அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாலே போதும், முதலாளியே கேட்டிருப்பார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா?

தகட்டைச் சரியான பக்கமாக மாட்டினேன். திருகாணியை முடுக்கினேன். ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.

இதுதான் என் குற்றம். ஆடி மாதத்துக் காலையில் செய்தது பிழை. அதை எவரும் மன்னித்துவிடலாம். இதை யார் மன்னிப்பது?

கண்ணாடியை வைத்துப் பார்த்தோம். தகடு சரியான பக்கத்தில் இருந்ததால் பட்டைகள் வளைந்தே நின்றன. ஆய்வுக்கூடத்தார் சொன்ன பிழை அப்படியே தெரிந்தது. மெசின் யோக்கியமானதாகிவிட்டது.

முதலாளி என்னிடம் திரும்பினார். “அனுப்பும்போது நேரா இருந்துச்சேம்மா. நானும் பாத்தேனே?”

நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த இடைவெளியில் அண்ணன் பேசினான்.

“என் கைதான் மொதலாளி. பாப்பா பாத்து முடிச்ச பெறகு, பெட்டியில கட்டுறதுக்கு முன்னாடி, பளபளப்பு கூடட்டும்னு லேசா ஒரு ஓட்டு ஓட்டினேன்.”

“லேசா ஓட்டினா இப்பிடியாப்பா குழி விழும்?”

“லேசாத்தான் ஓட்டினதா நெனச்சேன். முன்னாடியும் ஒரு நாளு இப்பிடித்தான் ஆச்சு. பாப்பா அன்னிக்கே சொல்லுச்சு, அழுத்துறேன்னு. எனக்குத்தான் தெரியல.”

லேசான ஓர் ஓட்டில் அப்படி ஒரு குழி விழ வழியே இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். நான் ‘இல்லை’ என்று சொல்வேன் என்று எதிர்பார்த்தானோ என்னவோ... நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால் சோதனை அறை என் கையை விட்டுப் போகும், சென்னைக்காரர் வந்துவிடுவார், ‘பொம்பளப் பிள்ளையை நம்பிக் கொடுத்தேன் பாரு’ என்று முதலாளி நினைப்பார் என்பதெல்லாம் அந்த ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடியது. அண்ணனுக்கு என்ன ஆகும் என்பது மட்டும் ஓடவில்லை.

முதலாளி அவனை விரட்டவில்லை. “விடப்பா, மறுபடி தேய்ச்சுக்கலாம்” என்றுதான் சொன்னார். அண்ணன் அந்தக் கண்ணாடியைத் தொட மறுத்துவிட்டான். கொஞ்ச நாளில் பட்டறைக்கு வருவதையும் நிறுத்தினான்.

வெளியூரிலிருந்து வேறொருவர் வந்து கண்ணாடியைச் சரிசெய்தார். சரியாக மாட்டிய தகட்டை வைத்து நான் சோதித்தேன். இந்த முறை ஆய்வுக்கூடத்தார் ஏற்றுக்கொண்டார்கள். அதே மெசின், அதே தகடு, அதே பெண்; மாறியது தேய்த்த கை மட்டும்! இதைவிடச் சாட்சி எதற்கு? சோதனைப் பிரிவு முழுவதையும் முதலாளி என் பொறுப்பில் விட்டார். அண்ணன்தான் முதல் ஆளாகப் போன் செய்து வாழ்த்தினான்.

என் அண்ணனின் கையைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். எங்கள் ஊரைச் சுற்றிச் சீமைக்கருவேலம்தான். காலில் முள் தைக்காமல் யாரும் வீடு திரும்பியதில்லை. முறிந்து உள்ளே நின்றுபோன முள்ளை எடுக்க ஊரே அவனிடம் வரும். ஊசியை விளக்கில் காட்டிவிட்டு, கதை பேசிக்கொண்டே எடுப்பான். எடுத்தது தெரியாது. அழுதுகொண்டே வந்த பிள்ளை, எப்போது எடுப்பாய் என்று கேட்கும். முள் அதற்குள் அவன் உள்ளங்கையில் இருக்கும்.

பட்டறையை விட்ட பிறகு முள் எடுப்பதையும் விட்டுவிட்டான். “எனக்குக் கை அழுத்தும்ப்பா. வேற யார்ட்டயாச்சும் போங்க” என்பான்.

அவன் மனைவி, என் மதினி, அவனை மதுரைக்கு அழைத்துப் போய் டாக்டரிடம் காட்டினாள். நரம்பில் ஒன்றுமில்லை, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். மதினி என்னிடம் வந்து அழுதாள். “டாக்டரு சொன்னா கேக்க மாட்டேங்கிறாக. அவருகிட்ட மெசினு இல்ல, பாப்பாகிட்ட இருக்கு, அது காட்டிருச்சுல்லங்கிறாக. நீயாச்சும் சொல்லேன்.” சொல்கிறேன் மதினி என்றேன். சொல்லவில்லை.

இப்போது திருச்சுழியில் ஒரு சொந்தக்காரரின் இரும்புக் கடையில் உட்கார்ந்திருக்கிறான். ஆணி நிறுத்துக் கொடுப்பதும் குழாய் அறுத்துக் கொடுப்பதும் வேலை. கொடுமை என்னவென்றால், யாராவது பக்கத்தில் நின்று பார்த்தால் இப்போது அவன் கை நிஜமாகவே லேசாக ஆடுகிறது. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறான். இல்லாத ஒன்றை உண்டாக்கிவிட்டேன்!

எனக்குக் கல்யாணமாகி மகள் பிறந்தாள். ஒரு வயதானதும் குலசாமி கோயிலில் முடியிறக்கிக் காது குத்த ஏற்பாடு செய்தோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவது. அண்ணன் சீர்த்தட்டோடு வந்தான். வேட்டி சட்டையெல்லாம் புதுசு. பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஆசாரி கம்பியை எடுத்தார். “தலையக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க மாமா” என்றார்.

அண்ணன் மதினியைப் பார்த்தான். “நீ வந்து பிடி.”

“தாய்மாமன்தான்யா பிடிக்கணும். அதான மொற?” என்றார் ஆசாரி.

“மடி என்னுது இருக்குல்ல, போதும். எனக்குக் கை அழுத்தும். பச்ச மண்ணு, நசுங்கிப் போயிரும்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே திணித்துக்கொண்டான். மதினி குனிந்து பிள்ளையின் தலையைப் பிடித்தாள். பிள்ளை திமிறியது. இடது காதில் துளை கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. “எல்லாம் என்னாலதான்” என்றான் அண்ணன்.

என்னால் தாங்க முடியவில்லை. கோயிலுக்குப் பின்னால் குழாயடியில் அவன் முகம் கழுவிக்கொண்டிருந்தான். போய் நின்றேன்.

“அண்ணே, ஒங் கையில ஒண்ணுமே இல்லண்ணே. நான்தான் தகட்டத் திருப்பி மாட்டிட்டேன். நீ தேச்சது சரி. என் மெசின்தான் தப்பு.”

முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான்... பழைய சிரிப்பு.

“அடியே பாசக்காரி! எனக்காகப் பழிய நீ தூக்கிப் போட்டுக்கிறியா?”

“இல்லண்ணே, நெசமாத்தான்.”

“அந்த மெசின்லதான அதுக்கப்பறம் சரியா வந்துச்சு? நான்தான் எல்லாம் கேட்டேனே மொதலாளிகிட்ட.”

“நான் பெறகு சரியா மாத்தி வச்சேண்ணே. சத்தியமா...”

சட்டென்று என் வாயைப் பொத்தினான். ஈரக் கை. “சாமி சன்னதியில பொய்ச் சத்தியம் பண்ணாத ஆத்தா. பிள்ளைக்கு ஆகாது.”

நான் நிறுத்திவிட்டேன். மெய்தான் என்று தெரிந்தும் நிறுத்திவிட்டேன்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன், கேளுங்கள். அவன் நம்பாமல் போனபோது எனக்கு வந்தது துக்கம் அல்ல. நிம்மதி! சொல்லியும் ஆயிற்று, எதுவும் ஆகவும் இல்லை. அப்படி ஒரு கேவலமான நிம்மதி.

அவனை நம்பவைக்க எனக்கு வழி தெரியும். பட்டறைக்கு அழைத்துப் போய், கருவிக்கு முன்னால் உட்காரவைத்து, அவன் கண் முன்னே தகட்டைத் திருப்பிக் காட்டினால் போதும். பட்டைகள் வளைவதை அவனே பார்த்துவிடுவான். அந்த வாசலை இனி மிதிக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறான்தான். ஆனாலும் நான் கெஞ்சிக் கூப்பிட்டால் வருவான். நான் கெஞ்சவில்லை. காட்டினால் முதலாளி பார்ப்பார், பட்டறை பார்க்கும், அன்று தகட்டைச் சரியாக மாட்டிவிட்டு ஓரமாக நின்ற பெண்ணையும் எல்லோரும் பார்ப்பார்கள். பயம்தான். வேறு பெயர் கிடையாது. அவன் கை முன்பு போல் ஆகுமா என்றால் அதுவும் எனக்குத் தெரியாது. ஆகாமல் போனால் என்ன செய்வேன் என்ற பயமும் கூடச் சேர்ந்துகொள்கிறது.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. அன்றைய பந்தியிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டான். அம்மா ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாள். அண்ணனின் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள வந்த தங்கை என்று பரளச்சியில் எனக்கு இப்போது பெயர். பஸ்ஸில் ஏறினால் இடம் விடுகிறார்கள். கூடப்பிறந்தவர்களோடு சண்டை போட்டுக்கொண்டு வருகிற பெண்களுக்கு என்னைக் காட்டிப் புத்தி சொல்கிறார்கள். மறுத்துப் பார்த்தேன். மறுக்க மறுக்க, தன்னடக்கம் என்கிறார்கள்!

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மகளுக்கு இப்போது நாலு வயது. தூரத்து உறவில் ஒரு பெரியம்மா அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, தலையில் பூ வைத்துவிட்டாள். அண்ணனும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

“ஏத்தா, பெரிய மனுசியானா நீயும் ஒங்காத்தா மாதிரி இருக்கணும். என்ன? கூடப்பெறந்தவன விட்டுக்குடுக்கக் கூடாது. இருப்பியா?”

மகள் எதற்கும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

அண்ணனும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

சொல்லு என்று தலையை ஆட்டினேன்.

“இருப்பேன்” என்றாள் மகள்.